இன்ஜினிலிருந்து கேம்பர் பேட்டரிக்குச் சார்ஜ்: எது சுடுகிறது, ஏன் சுடுகிறது

வேனுக்குள் படுக்கை, ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன் என்று அமைத்து, அவற்றுக்கென்று தனி பேட்டரி (கேம்பர் பேட்டரி) ஒன்றை வைத்து, வண்டி ஓடும்போதே அதைச் சார்ஜ் செய்துகொள்ளும் வண்டிகள் இப்போது நிறைய வருகின்றன. பட்டறைக்கு வரும் புகார்கள் இரண்டே வகை. ஒன்று, சார்ஜ் ஏறவில்லை. மற்றது, ஏதோ ஒன்று சுடுகிறது. இரண்டாவதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சார்ஜ் ஏறாவிட்டால் ஓர் இரவு ஃப்ரிட்ஜ் ஓடாது, அவ்வளவுதான். சுடுகிற வயரைக் கவனிக்காமல் விட்டால், ஆட்கள் படுத்து உறங்குகிற வண்டியில் தீப்பிடிக்கும்.

டெம்போ டிராவலர் அளவிலான 12 வோல்ட் வேன்களை வைத்து எழுதியிருக்கிறேன். பஸ், லாரி சேஸிஸில் கட்டிய பெரிய கேரவன்கள் 24 வோல்ட். அவற்றுக்கே உரிய ஒரு கோளாறு 'பேட்டரி சுடுகிறது' என்ற பகுதியில் இருக்கிறது.

ஆல்டர்னேட்டரை (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) மாற்று, பேட்டரியை மாற்று என்று யார் சொன்னாலும் முதலில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி ஒரு லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), ஓர் எர்த் (வண்டியின் உலோக உடம்போடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) அல்லது ஒரு பியூஸ் பிடிப்புதான்.

## தொடங்கும் முன்

ஒரு மல்டிமீட்டர், டிசி மின்னோட்டம் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், தொடாமல் வெப்பம் அளக்கும் வெப்பமானி, ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், உப்புத்தாள் இருந்தால் போதும். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஏசி மட்டும் அளப்பது இங்கே எதற்கும் உதவாது.

மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனருக்கும் வண்டியின் உலோக உடம்புக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும். இன்ஜின் ஓடும்போது துண்டு, துப்பட்டா, சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை செய்யாதீர்கள். வயர் கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

இரண்டு மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய-அமில பேட்டரி முழுதாக இருந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும், பாதி என்றால் 12.2. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் வோல்ட்டை வைத்து இருப்பைச் சொல்ல முடியாது. முக்கால்வாசியும் பாதியும் 13.2-க்குப் பக்கத்திலேயே நிற்கும். அதற்கு ஆம்பியர் கணக்கு வைக்கும் பேட்டரி மானிட்டர் வேண்டும்.

## இன்ஜின் ஓடுகிறது, சார்ஜ் வரவே இல்லை

கேம்பர் பேட்டரியின் பாசிட்டிவ் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். பூஜ்யம் என்றால், அடுத்ததாக வண்டி பேட்டரியின் (இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி) வோல்ட்டைப் பாருங்கள். வழி அங்கேதான் பிரிகிறது.

வண்டி பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருக்கிறது. ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு நடுவில் எங்கோ இருக்கிறது. பியூஸிலிருந்து தொடங்குங்கள். கண்ணால் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று விடாதீர்கள். பியூஸின் இரண்டு முனைகளிலும் வோல்ட் அளந்து பாருங்கள். ஒரு முனையில் 14, மறுமுனையில் ஒன்றுமில்லை என்றால் பியூஸ் போய்விட்டது. ஆனால் அது ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் போட வேண்டாம், பெரியதை நிச்சயம் போட வேண்டாம். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. இரண்டு பேட்டரியிலிருந்தும் மின்சாரம் வரும் என்பதால் நீண்ட வயரின் இரு முனையிலும் பியூஸ் இருக்க வேண்டும்.

பியூஸ் சரி என்றால் ரிலேக்கோ (இரண்டு பேட்டரிகளையும் இணைத்துப் பிரிக்கும் மின் ஸ்விட்ச்) டிசி-டிசி சார்ஜருக்கோ (வரும் வோல்ட்டை கேம்பர் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) வரும் இக்னிஷன் வயரை, அதாவது சாவி போட்டால் மின்சாரம் வரும் வயரைப் பாருங்கள். மெல்லிய வயர் என்பதால் அடிக்கடி அறுவது இதுதான். அதன்பின் எர்த். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் பேட்டரியின் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த பேட்டரிகளைச் சார்ஜ் செய்யக்கூடாது. மேலேயும் பல பேட்டரிகளுக்கு 45 டிகிரியோடு எல்லை. உள்ளே இருந்து பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை அந்த எல்லைகளில் சார்ஜை நிறுத்திவிடும். மே மாதத்து வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரி 45-ஐத் தாண்டுவது அதிசயமில்லை. கதவுகளைத் திறந்துவைத்து ஆறவிட்டபின் சார்ஜ் வந்தால் பழுது எதுவும் இல்லை, பேட்டரியின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலில் 14.2 இருந்தது, சிறிது நேரம் ஓடியபின் 12.5-க்கு இறங்கிவிட்டது, சிவப்பு விளக்கும் எரியவில்லை. இதுவும் பழுது இல்லை. டீசலை மிச்சப்படுத்த, வண்டி பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை வண்டியின் கணினி குறைத்துவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் 15 வரைகூட ஏற்றுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிமுறை வந்தபின் விற்பனைக்கு வந்த வண்டிகளில் இந்த வகை அதிகம். வோல்ட்டைப் பார்த்து இணைக்கும் சாதாரண ரிலே இங்கே நடுவழியில் விடுபட்டுவிடும். ஹெட்லைட்டை எரியவிட்டு ஏமாற்றுவது எல்லா வண்டியிலும் பலிக்காது. இக்னிஷன் வயரால் இயங்கும் டிசி-டிசி சார்ஜர்தான் இதற்கு வழி. செலவுதான், ஆனால் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இத்தகைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சிறிய சென்சார் இருக்கும். சார்ஜரின் நெகட்டிவ் வயரை அந்த முனையில் நேராக மாட்டினால், போகும் மின்சாரம் சென்சாருக்குத் தெரியாமல் போய் வண்டியின் கணக்கு குழம்பும். சேஸிஸ் எர்த்தில் மாட்டுங்கள்.

12.5-க்குக் கீழே, ரேஸ் கொடுத்தாலும் ஏறவில்லை, சிவப்பு பேட்டரி விளக்கும் எரிகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட் இருக்கிறதா, ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள பிளக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் உங்கள் வேலை அதோடு முடிந்தது. அதற்குள் இருக்கும் ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது), கார்பன் பிரஷ், டயோடு (ஏசியை டிசியாக்குவது) எல்லாம் ஆட்டோ எலக்ட்ரீசியன் மேசையில் கழற்றிப் பார்க்க வேண்டியவை.

## சார்ஜ் ஏறுகிறது, நாள் முழுக்க ஓட்டியும் நிறையவில்லை

ஈய-அமில பேட்டரி என்றால் முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். முக்கால்வாசி வரை விரைவாக ஏறி, பிறகு மெல்ல மெல்லத்தான் வாங்கும். கடைசிப் பகுதிக்கு எத்தனை பெரிய ஆல்டர்னேட்டர் இருந்தாலும் பல மணி நேரம் பிடிக்கும்.

அதைக் கழித்துப் பார்த்தும் குறைவாகவே ஏறுகிறது என்றால் வயரின் தடிமனைச் சந்தேகியுங்கள். 30 ஆம்பியர் வெளியே தரும் டிசி-டிசி சார்ஜர், தன் இழப்பையும் சேர்த்து உள்ளே 38 ஆம்பியர் வரை இழுக்கும். வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 சதுர மி.மீ. செம்பு வயரில் வழியிலேயே 1.1 வோல்ட் காணாமல் போகும். 10-இல் 0.66. 16-இல் 0.4. 25-இல் 0.27. வழியில் காணாமல் போவதெல்லாம் வெப்பமாகத்தான் மாறுகிறது. திரும்பும் வழி சேஸிஸ் என்றால் இழப்பு ஏறத்தாழப் பாதி; அப்போது 16 சதுர மி.மீ. போதும். இரண்டு வயரும் இழுக்கிறீர்கள் என்றால் 25 போடுங்கள்.

வயரின் தடிமன் சரியாகத் தெரிந்தும் இழப்பு அதிகமாக இருந்தால் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கார் ஆம்ப்ளிஃபயருக்கு என்று மலிவாக விற்கும் வயர்களில் இது ஏராளம். ஒரே தடிமனில் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை. வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் பயமில்லை, அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு.

கடைசியாக, சார்ஜரின் அமைப்பில் எந்த வகை பேட்டரி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றிவிட்டு அமைப்பை ஜெல்லிலேயே (ஒரு வகை ஈய-அமில பேட்டரி) விட்டுவைப்பவர்கள் உண்டு.

## வயர், லக், பியூஸ் பிடிப்பு சுடுகிறது

தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே பகுதி இது. இன்சுலேஷன் மேல் புறங்கையை வைத்து, எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால் 60 டிகிரியை நெருங்கிவிட்டது. சாதாரண பிவிசி உறை 70 வரைக்குமே ஆனது. அந்த நிமிடமே சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

எங்கே சுடுகிறது என்பதுதான் இங்கே எல்லாம். வயர் நெடுகிலும் ஒரே சீராக வெதுவெதுப்பு என்றால் வயர் மெலிது. மேலே சொன்ன கணக்குக்குப் போங்கள். ஓர் இடத்தில் மட்டும் சூடு, ஒரு சாண் தள்ளினால் இல்லை என்றால் அந்த இணைப்புதான். இரண்டாவதுதான் அதிகம், அதுதான் ஆபத்தும்கூட. ஓர் இணைப்பில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தால் எந்தச் சாதாரண மீட்டரும் அதைக் காட்டாது. ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 12 வாட்டுக்கு மேல் வெப்பம் கக்கும். சுண்டுவிரல் நகம் அளவு உலோகத்தில் 12 வாட் என்றால் பிளாஸ்டிக் தாங்காது.

அதனால் ஓமில் அளக்காதீர்கள், மின்சாரம் ஓடும்போதே வோல்ட்டில் அளங்கள். சார்ஜர் முழு வேகத்தில் ஓடட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டிலும் மறுமுனையை சார்ஜரின் உள்வரும் பாசிட்டிவிலும் வையுங்கள். மொத்தம் 0.3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. கூடுதல் என்றால் ஒவ்வோர் இணைப்பாக நெருக்கிக்கொண்டு வாருங்கள்: லக்கிலிருந்து போல்ட்டுக்கு, பியூஸின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. ஓர் இணைப்பு மட்டும் 0.05-ஐத் தாண்டினால் அதைக் கழற்றுங்கள். பிறகு இதே சோதனையை நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள்: ஆல்டர்னேட்டரின் உலோக உடம்பிலிருந்து சார்ஜரின் நெகட்டிவ் வரை. இந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கழற்றியபின் என்ன தெரியும்? பியூஸ் பிடிப்பில் ஒரு நட்டுக்கு அடியில் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருக்கும். மறுபக்கம் புதிதுபோலவே இருக்கும். நட்டைத் தூக்கினால் காரணம் தெரிந்துவிடும்: வாஷரை லக்குக்கு மேல் போடுவதற்குப் பதிலாக அடியில் போட்டிருப்பார்கள். மின்சாரம் முழுவதும் அந்த இரும்பு வாஷர் வழியாகப் போக வேண்டியிருந்திருக்கிறது. லக்கின் செம்பு முகம் நேராக அடித்தகட்டில் உட்கார வேண்டும், அதன்மேல் வாஷர், அதன்மேல் நட்டு. சேஸிஸ் எர்த்தில் பெயிண்டின் மேலேயே போல்ட் முறுக்கியிருப்பதும் இதே இனம்தான். வெள்ளி தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, அதன்பின் துருப்பிடிக்காமல் மேலே பெயிண்ட் அடியுங்கள்.

லக்கையே பிடித்து இழுத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக், கட்டிங் பிளேயரால் அமுக்கிய லக் எல்லாம் வண்டி ஆட்டத்தில் ஓராண்டுக்குள் தளரும். தடித்த வயருக்கு ஆறுபக்க அச்சில் அழுத்தும் கருவி தேவை. உங்களிடம் இல்லாவிட்டால், வயரின் நீளத்தை அளந்து கொடுத்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு கேபிள் செய்யும் கடையில் அழுத்தி வாங்கிக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை.

வெப்பமானியில் அளப்பவர்களுக்கு ஒரு சொல்: பளபளக்கும் செம்பிலும் அலுமினியத்திலும் அது உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். லக்கின் மேலுள்ள கறுப்பு உறையைக் குறிவைத்து அளங்கள்.

எப்போது விட்டுவிட வேண்டும்: உறை உருகி உள்ளே செம்பு தெரிந்தாலோ, வண்டியின் சொந்த வயர்க் கட்டுக்குள் கருகல் பரவியிருந்தாலோ, டேப் சுற்றி ஓட்டிப் போகாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

## ஆல்டர்னேட்டர் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது

ஆல்டர்னேட்டர் சுடுவது இயல்பு. கை வைத்துப் பார்க்கவே கூடாது. அதன் உடம்பில் வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, அதைக் குறிவைத்து வெப்பமானியால் அளங்கள். அரை மணி நேரம் சார்ஜ் ஓடியபின் அந்தப் பொட்டில் 100 டிகிரியைத் தாண்டினால் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கோடு. உள்ளே இருக்கும் கம்பிச்சுற்றும் டயோடும் வெளியே தெரிவதைவிட இன்னும் சூடாக இருக்கும்.

இந்தக் கோளாறு ஈய-அமில பேட்டரிக் காலத்தில் இவ்வளவு இல்லை. அந்த பேட்டரி பந்தியில் வயிறு நிறைய நிறைய இலைக்குமேல் கையை மறிப்பவரைப் போல. கொஞ்ச நேரத்திலேயே தானாகக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசிவரை மறிக்காது. வடிந்துபோன 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியை வெறும் ரிலே வழியாக இணைத்தால் 60, 70 ஆம்பியர்கூட விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. செல்ஃப் அடித்ததில் குறைந்ததை ஈடுகட்டி, பிறகு விளக்குக்கும் இன்ஜினுக்கும் கொடுத்துக்கொண்டு இருப்பதுதான் அதன் வேலை. அதன்மேல் 90 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது நல்ல வேகத்தில் சுற்றும்போது தரும் அளவு. நாள் முழுக்கத் தரும் அளவு அல்ல.

எப்போது சுடுகிறது என்று கவனியுங்கள்.

வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது. இதுதான் மோசமான நிலை. ஆல்டர்னேட்டரின் விசிறி அதன் அச்சிலேயே இருக்கிறது. இன்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், ஆனால் பேட்டரி கேட்பது குறையாது. சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறவர்கள் பர்லியாறு பக்கம் ஊர்ந்து நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள்: ஏசி ஓடுகிறது, ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, பின்னால் லித்தியம் இழுக்கிறது, பானெட்டுக்குள் காற்றே இல்லை. அந்த மாதிரி நேரத்தில் சார்ஜரை அணைக்க டேஷ்போர்டிலேயே ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு அதுதான். இக்னிஷன் வயரின் நடுவே ஒரு சிறிய ஸ்விட்ச், அவ்வளவுதான். முகாமில் நின்றபடி இன்ஜினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஓடும்போதும் சுடுகிறது. கூட்டிப் பாருங்கள். இரவில் ஹெட்லைட், ஏசி ஊதி, வைப்பர் எல்லாம் ஓடினால் வண்டிக்கே 30 முதல் 40 ஆம்பியர் வேண்டும். அதோடு 30 ஆம்பியர் சார்ஜரின் 38-ஐச் சேர்த்தால் 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ எல்லையில் நிற்கிறது. என் கணக்கு இது: 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 20 ஆம்பியர் சார்ஜருக்கு மேல் வேண்டாம், 30 ஆம்பியர் சார்ஜர் வேண்டுமானால் ஆல்டர்னேட்டர் 120-க்குக் குறையக்கூடாது. பல சார்ஜர்களில் மின்னோட்டத்தைப் பாதியாக்கும் அமைப்பு இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்கும் முன் அதைப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

வெறும் ரிலேயில் லித்தியத்தை இணைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன், டிசி-டிசி சார்ஜருக்கு மாறுங்கள். பேட்டரி நிறைந்ததும் பி.எம்.எஸ். பட்டென்று துண்டித்தால், அதுவரை ஓடிய மின்னோட்டம் போக இடமில்லாமல் ஆல்டர்னேட்டரில் வோல்ட் ஒரு கணம் எகிறும். வண்டி பேட்டரி நல்ல நிலையில் இணைந்திருந்தால் பெரும்பாலும் அது தாங்கிக்கொள்ளும். அது பழையதாகவோ அதன் முனை தளர்ந்தோ இருந்தால் டயோடு போகும், சில சமயம் வண்டியின் கணினிக்கும் அடி விழும்.

சுமையைக் குறைத்தும் சுடுகிறது, ரேடியோவில் இன்ஜின் வேகத்துக்கேற்ப ஊளை கேட்கிறது. ஒரு டயோடு போயிருக்கலாம். சார்ஜரை அணைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜின் ஓடும்போது வண்டி பேட்டரியில் ஏசி வோல்ட் அளங்கள். நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1-க்குள் இருக்கும்; 0.5-ஐத் தாண்டினால் டயோடுதான். மலிவான மீட்டர்கள் சில டிசியையும் சேர்த்துக்கொண்டு 20, 30 என்று காட்டும். அது ஆல்டர்னேட்டரின் குறை அல்ல, மீட்டரின் குறை.

டயோடு, பேரிங், கம்பிச்சுற்று கருகல் எல்லாமே ஆல்டர்னேட்டரைக் கழற்றும் வேலை. நீங்களே கழற்றுவதாக இருந்தாலும், அதன் பின்னாலுள்ள பாசிட்டிவ் போல்ட்டில் இன்ஜின் நின்றிருந்தாலும் பேட்டரி மின்சாரம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். புகை வந்தால் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

## பெல்ட் கிறீச்சிடுகிறது

சார்ஜரைப் போட்டதும் சத்தம், அணைத்ததும் நின்றுவிடுகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. அந்த உராய்வின் சூடு புல்லி வழியாக ஆல்டர்னேட்டர் பேரிங்குக்குப் போகும். இன்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா, அதன் முகம் கண்ணாடிபோல் மின்னுகிறதா, எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழுவையைச் சரிசெய்யுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சோப்பு தேய்ப்பது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் சத்தத்தை மட்டும்தான் அடக்கும். புதிய பெல்ட்டும் கத்தினால் புல்லியையோ இழுவை உருளையையோ மெக்கானிக் பார்க்க வேண்டும்.

## டிசி-டிசி சார்ஜர் சூடாகி, விட்டுவிட்டு வேலை செய்கிறது

தொடக்கத்தில் 30 ஆம்பியர், அரை மணியில் 15 என்று இறங்குகிறதா? சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்கிறது. முழு வேகத்தில் 50 வாட்டுக்கும் மேல் வெப்பமாக வெளியேற்றும் பெட்டி அது. பலவற்றில் சுற்றியுள்ள காற்று 40 டிகிரியைத் தாண்டினாலே மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். நம் ஊரில் சீட்டுக்கு அடியில் 40 என்பது காலை பத்து மணிக்கே வந்துவிடுகிறது.

அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, ஒரு சிறிய ஃபேனை அதன்மேல் திருப்பிவிட்டுப் பாருங்கள். மின்னோட்டம் ஏறிவிட்டால் காரணம் காற்றோட்டம்தான். சார்ஜரின் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி, மேலும் கீழும் ஒரு சாணுக்குக் குறையாமல் இடம் விட்டுப் பொருத்துங்கள்; அலமாரிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று எனக் காற்றுத் துளை போடுங்கள். போர்வை, துணிப்பை எல்லாம் அதன்மேல் அடைத்து வைப்பது நிற்க வேண்டும். ஒலி, அதிர்வு தடுக்க ஒட்டும் நுரைத் தகட்டின் மேலும் அதைப் பொருத்தக்கூடாது.

சில நொடிகளுக்கு ஒரு முறை போவதும் வருவதுமாக இருந்தால் அது வெப்பம் அல்ல. சார்ஜர் இழுக்கத் தொடங்கியதும் வயரில் வோல்ட் விழுகிறது, இன்ஜின் நின்றுவிட்டதாக நினைத்து அது நின்றுவிடுகிறது, வோல்ட் மீண்டும் ஏறுகிறது, மீண்டும் தொடங்குகிறது. சார்ஜரின் உள்வரும் முனையிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தால் இந்த ஆட்டம் அப்படியே தெரியும். மேலே சொன்ன வயர், லக் சோதனைக்குப் போங்கள். காற்றும் வயரும் சரியாக இருந்து, அப்போதும் நின்றுபோனால் விற்ற இடத்துக்குக் கொண்டுபோங்கள். பிரித்துப் பார்க்க வேண்டாம்.

## பேட்டரி சுடுகிறது, வீங்குகிறது, அழுகிய முட்டை நாற்றம்

இங்கே சோதனை பிறகு. முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், ஆட்களை இறக்குங்கள், கதவுகளைத் திறந்துவிடுங்கள். பேட்டரி அருகே ஸ்விட்ச், பீடி, கேஸ் அடுப்பு எதுவும் வேண்டாம். வெளியே வருவது எரியக்கூடிய வாயு, அந்த நாற்றம் நஞ்சும்கூட. லித்தியம் பேட்டரி வீங்கினாலோ புகைந்தாலோ தள்ளிப்போய் 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.

ஆறியபின் பார்க்க வேண்டியவை ஈய-அமில பேட்டரிக்கு மட்டும். தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிகிறதா? ஓய்வில் 10.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதா? அப்படியானால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது. மீதி ஐந்தும் அளவுக்கு மீறி வாங்கிச் சுடுகின்றன. பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தால் சார்ஜ் வோல்ட்டைப் பாருங்கள். 25 டிகிரியில் 14.4 சரி என்றால், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 0.2 குறைக்க வேண்டும். வெப்ப சென்சார் வயர் கூடவே வரும் சார்ஜர்களில் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் பேட்டரியில் ஒட்டுங்கள். எந்த வேகத்திலும் 15-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் ரெகுலேட்டர் பழுது, எலக்ட்ரீசியன் வேலை.

24 வோல்ட் வண்டியில் இரண்டில் ஒரு பேட்டரி மட்டும் சுடுகிறது, அதில் மட்டும் தண்ணீர் வற்றுகிறது என்றால், யாரோ இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்கள். கீழ் பேட்டரி எப்போதும் பசியில் இருக்கும். அதை ஈடுகட்ட ஓடும் மின்சாரம் மேல் பேட்டரியை அளவுக்கு மீறி நிரப்பிக்கொண்டே இருக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டு 24-இலிருந்து 12-க்கு மாற்றும் சார்ஜர் போடுங்கள்.

## காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

கேம்பர் பகுதி இரவெல்லாம் ஓடி, வண்டி பேட்டரியும் சேர்ந்து காலியாகிவிட்டது என்று வருகிறார்கள். இன்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேட்டரிகளிலும் வோல்ட் அளங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் அவை இன்னும் இணைந்தே இருக்கின்றன.

ரிலேயின் முனைகள் பற்றிக்கொண்டிருக்கலாம். அதிக மின்னோட்டத்தில் அவை ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். லேசாகத் தட்டினால் விட்டுவிடும், ஆனால் மறுபடியும் ஒட்டும், எனவே மாற்றிவிடுங்கள். ரிலே நன்றாக இருந்தால் லித்தியத்தைப் பாருங்கள். சாதாரண ரிலே 12.8 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் விடும். லித்தியமோ ஓய்விலேயே 13.2-இல் நிற்கிறது. ரிலே விடவே விடாது. சோலார் பலகை இருந்தால் பகலிலும் இதே கதைதான். இக்னிஷன் வயரால் இயங்கும் ரிலே அல்லது டிசி-டிசி சார்ஜர்தான் தீர்வு.

இரண்டு வோல்ட்டும் வேறுவேறாக இருந்து, வண்டி பேட்டரி மட்டும் இறங்கியிருந்தால், இன்ஜினைத் தொடும் முன், விடியற்காலையில் ஆல்டர்னேட்டர் மேல் வெப்பமானியைக் காட்டுங்கள். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், பழுதான டயோடு வழியாக பேட்டரி அதற்குள் வடிந்துகொண்டிருக்கிறது. அது வேறு எதைவிடவும் சூடாக இல்லை என்றால், பூட்டிய வண்டியின் கசிவை நெகட்டிவ் வயரில் தொடராக மீட்டர் மாட்டி அளங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக்கூடாது, மீட்டர் எரிந்துவிடும். வண்டி முழுதாக உறங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதல் என்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எந்தச் சுற்றில் கசிகிறது என்று கண்டுபிடிக்கலாம். ஏர்பேக்கின் மஞ்சள் பிளக்குகளில் மட்டும் கை வைக்காதீர்கள். கசிவு அந்தப் பக்கம் இருந்தாலோ, டயோடுதான் என்று தெரிந்துவிட்டாலோ, வண்டி பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீசியன் வரும்வரை காத்திருங்கள்.